பிறர் பதிவில் வரும் வருமானம்

நம்மிடம் கேட்கப்படும் மஸ்அலாக்களில் ஒரே விஷயம் இப்போது பல உருவங்களில் வருகிறது. "எங்கள் மகன் யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறான். ஆலிம்களின் பயான்களையும் காரிகளின் கிராஅத்தையும், சில வேளை கிரிக்கெட், சினிமாத் துண்டுகளையும் வெட்டி ஏற்றுகிறான். மாதந்தோறும் பணம் வருகிறது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கலாமா?" என்று ஒரு தாய் கேட்கிறார். "எங்கள் மதரஸாவின் பயானை யாரோ எடுத்துப் போட்டுச் சம்பாதிக்கிறார். அந்த வருமானத்தை நாங்கள் வாங்கிக்கொள்ளலாமா?" என்று ஒரு நிர்வாகி கேட்கிறார். "நானே எடுத்த கல்யாண வீடியோவில் பின்னால் ஒரு பாட்டு ஒலித்தது. அதற்காக வருமானம் முழுவதையும் பாட்டுக் கம்பெனிக்குத் திருப்பிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?" என்று ஓர் இளைஞர் கேட்கிறார்.

மூன்றும் ஒரே கேள்விதான். ஒரு பதிவு யாருக்குச் சொந்தம், அதில் விளையும் காசு யாரைச் சேரும் என்பதே அது. நெடும்பயணம் செய்து, புழுதி படிந்து, இரு கைகளையும் உயர்த்தி இறைஞ்சும் ஒருவருடைய உணவும் உடையும் ஹராமாக இருந்தால் அவருடைய துஆ எப்படி ஏற்கப்படும் என்று ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அப்பொருள் இன்னதென்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் விதி. எனவே முதலில் யூடியூபில் நடப்பது என்னவென்று பார்ப்போம்.

இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

யூடியூப் 2005-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கூகுள் கம்பெனி அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற நிலை இருந்ததால், பிறருடைய படங்களும் பாடல்களும் மூட்டை மூட்டையாக அங்கே போய்ச் சேர்ந்தன. 2007 மார்ச்சில் வியாகாம் என்னும் பெரிய டெலிவிஷன் நிறுவனம், தன் நிகழ்ச்சிகள் அனுமதியின்றி ஏற்றப்பட்டுள்ளன என்று 100 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. அவ்வழக்கு 2014-ல் சமாதானத்தில்தான் முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2007 அக்டோபரில், இன்று 'கண்டென்ட் ஐடி' என்று சொல்லப்படும் ஏற்பாடு கொண்டுவரப்பட்டது.

அதன் முறை இது. உரிமை உடையவர் தம் பாடலையோ படத்தையோ மூலப் பிரதியாக யூடியூபிடம் ஒப்படைக்கிறார். இயந்திரம் அதன் ஒலியையும் காட்சியையும் ஆராய்ந்து, மனிதனின் கைரேகையைப் போன்ற ஓர் அடையாளத்தைப் பதிந்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் உலகில் யார் எந்த வீடியோவை ஏற்றினாலும் இந்தக் கைரேகைகளோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. முன்பே ஏற்றி வைத்த பழைய வீடியோக்களும் தப்புவதில்லை. ஒத்துவந்தால் உரிமையாளர் பெயரில் ஒரு கோரல் பதிவாகிவிடும். அவருக்கு மூன்று வழிகள் உண்டு. வீடியோவை யாரும் பார்க்க முடியாமல் தடுக்கலாம்; விட்டுவைத்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் எடுக்கலாம்; அல்லது அதிலே விளம்பரம் ஓடவிட்டு வருமானத்தைத் தாம் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் மூன்றாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 முடிய இவ்வகையில் உரிமையாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட தொகை 1,200 கோடி டாலர் என்று யூடியூப் சொல்கிறது.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. அடிக்கடி திருடப்படும் பதிவுகளை ஏராளமாக வைத்திருப்பவர்களுக்கே நேரடியாகக் கொடுக்கிறார்கள். நம் மதரஸாக்களைப் போன்ற சிறியவர்கள் படிவம் பூர்த்திசெய்து வீடியோவை அகற்றச் சொல்லலாம். அல்லது ஒரு விநியோகக் கம்பெனி மூலம் போகலாம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கண்டென்ட் ஐடி கோரலினால் பெரும்பாலும் காசுதான் கை மாறும். படிவம் மூலம் அகற்றப்பட்டால் சேனலின் மேல் ஒரு குற்றக்குறி விழும். 90 நாட்களுக்குள் மூன்று குறிகள் விழுந்தால் சேனலே மூடப்படலாம்.

'குர்ஆனுக்கா காப்பிரைட்?' என்று சிலர் கொதித்துப்போய்க் கேட்கிறார்கள். அல்லாஹ்வின் கலாமுக்கு எவரும் சொந்தக்காரர் இல்லை. அதை ஓதவோ ஓதியதைப் பதிவுசெய்யவோ எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் ஒரு காரி ஓதி, ஒருவர் செலவு செய்து பதிவாக்கிய அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு ஓர் உழைப்பு. அதை அவர் ஒரு விநியோகக் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தால் கம்பெனியின் பெயரில் கோரல் வரும். உங்கள் பிள்ளை தன் குரலில் ஓதி ஏற்றட்டும். யாரும் நியாயமாகக் கேட்க முடியாது.

பதிவு ஒரு சொத்தாகுமா?

இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. கையில் பிடித்துச் சேமித்து வைக்கத்தக்கதே 'மால்' என்பது ஹனஃபி மத்ஹபின் முன்னோர் கொண்ட இலக்கணம். அதன்படி வெறும் உரிமையை விற்பதை அவர்கள் ஒப்பவில்லை. முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியோர்கள் நூலுரிமை விஷயத்தில் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அவர்களுடைய மகனார் முஃப்தி தகீ உஸ்மானி அவர்களோ, மக்களின் வழக்கில் விலைமதிப்புப் பெற்றுவிட்ட உரிமைகள் பொருளின் இடத்தை அடைகின்றன என்று விரிவாக எழுதியுள்ளார்கள். தந்தையும் மகனும் ஆளுக்கொரு கருத்தில் இருந்தும் அதபு குறையவில்லை. இதை இன்று கைபேசியில் சண்டையிடுவோர் கவனிக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் மன்ஃபஅத்தும், அதாவது ஒன்றிலிருந்து பெறும் பயனும், மால்தான். ஆகவே அங்கே சிரமம் குறைவு.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஐந்தாவது அமர்வு, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்புரிமை, வணிகப் பெயர், வணிகச் சின்னம் ஆகியவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட, பொருள் மதிப்புள்ள உரிமைகள் என்றும், அவற்றின் மீது அத்துமீறக் கூடாது என்றும் தீர்மானித்தது. இன்று பெரும்பாலான உலமாக்களின் ஃபத்வா இதுவே. நாமும் இதையே எடுத்துக்கொள்கிறோம்.

முன்னோர் கருத்தைப் பிடித்துக்கொண்டு "உரிமை மாலே அல்ல, எடுத்தால் என்ன?" என்று கேட்பவருக்கும் வழி திறக்கவில்லை. பிறர் பொருளை அபகரித்தவர் அப்பொருளை அனுபவித்ததற்கு வாடகை தரவேண்டியதில்லை என்பது ஹனஃபி மத்ஹபின் அசல் சட்டம். ஆனால் பின்வந்த ஃபுகஹாக்கள் மூன்றை விலக்கினார்கள்: வக்ஃபுச் சொத்து, எத்தீமின் சொத்து, வருமானத்துக்கென்றே வைக்கப்பட்ட சொத்து. வருமானத்துக்கென்றே ஏற்றி வைத்த வீடியோ இம்மூன்றாவதைப் போலில்லையா? மேலும், யூடியூபில் கணக்குத் திறக்கும்போதே, தனக்கு உரிமையுள்ளதை மட்டுமே ஏற்றுவதாக ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளைக் காப்பவர்கள் என்ற ஹதீஸை அபூதாவூதும் திர்மிதியும் பதிந்துள்ளார்கள். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியீட்டின் பின் 60 ஆண்டுகள் உரிமை கொடுத்திருக்கிறது. பாவமில்லாத காரியங்களில் நாட்டுச் சட்டத்துக்கு இணங்கி நடப்பதும் நம் மீது கடமையே.

பிறர் நிலத்தில் விதைத்தவர்

ஒரு கூட்டத்தாரின் நிலத்தில் அவர்கள் அனுமதியின்றி விதைத்தவருக்கு விளைச்சலில் பங்கில்லை, அவர் செய்த செலவு மட்டும் அவருக்கு உண்டு என்ற கருத்தில் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் வந்துள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதன்படியே தீர்ப்பளித்தார்கள். மற்ற இமாம்கள் விளைச்சல் விதைக்கு உடையவருக்கு, நிலத்துக்கு உரிய வாடகை நிலக்காரருக்கு என்றார்கள். எப்படியாயினும் விதைத்தவர் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்று எவரும் சொல்லவில்லை.

கண்டென்ட் ஐடி வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்புவது இமாம் அஹ்மத் அவர்களின் தீர்ப்புக்கு வெகு அருகில் நிற்கிறது. பிறருடைய பயானையோ பாட்டையோ முழுமையாக ஏற்றியவரிடமிருந்து வருமானம் எடுக்கப்பட்டால் அவர் அதை அநியாயம் என்று சொல்ல இடமில்லை. கல்யாண வீடியோ இளைஞரின் விஷயம் சற்று வேறு. காட்சி அவருடைய உழைப்பு. பின்னால் ஒலித்தது பிறருடையது. அங்கே முழு வருமானமும் ஒருபக்கமே போவது கடுமைதான். அந்தப் பகுதியின் ஒலியை நீக்க யூடியூபிலேயே வசதி இருக்கிறது. நீக்கிவிட்டால் கோரலும் விலகும். கல்யாணத்தில் அந்தப் பாட்டு ஏன் ஒலித்தது என்பது தனி மஸ்அலா. அதை இங்கே கிளறவில்லை.

மதரஸா நிர்வாகியின் கேள்விக்கு வருவோம். உர்வத்துல் பாரிகீ (ரலி) அவர்களிடம் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்க ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். இது புகாரியில் உள்ளது. சொந்தக்காரர் சொல்லாததைச் செய்துவிட்ட ஒருவரின் காரியம், பின்னர் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால் செல்லும் என்று ஹனஃபி, மாலிகி இமாம்கள் இதிலிருந்து எடுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கருத்தில் அது செல்லாது. அங்கே பயன்படுத்தியதற்கு உரிய வாடகை என்ற வகையில் உரிமையாளர் பெற்றுக்கொள்வார். ஆகவே மதரஸா அந்த வருமானத்தை வாங்குவது இரு மத்ஹபுகளிலும் கூடும். ஆனால் அதற்குமுன் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஓடும் விளம்பரங்களில் வட்டி, மது, சூது போன்றவை வராதபடி, தடுக்க முடிந்தவற்றைத் தடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று, பயான் செய்த ஆலிமின் உரிமை மதரஸாவுக்கு உண்மையில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடையும் ஒலிபெருக்கியும் கொடுத்தோம் என்பதால் மட்டும் அவருடைய பேச்சு நம்முடையதாகிவிடாது.

உர்வா (ரலி) அவர்களின் ஹதீஸைக் காட்டி "உரிமையாளர் பிறகு ஒப்புக்கொள்வார்" என்று எடுத்து ஏற்றுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உர்வா (ரலி) அவர்கள் இலாபத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். தம் மடியில் கட்டிக்கொள்ளவில்லை.

"இல்மை மறைக்கக் கூடாது, தீனுடைய பேச்சைப் பரப்பினால் நன்மைதானே?" என்று கேட்போரும் உண்டு. கேட்பதற்கு ஓர் அனுமதி, பிறருக்கு அனுப்புவதற்கு ஓர் அனுமதி, வைத்துச் சம்பாதிப்பதற்கு ஓர் அனுமதி என்று மூன்று இருக்கின்றன. ஓர் ஆலிம் "எல்லோருக்கும் பரப்புங்கள்" என்று சொன்னால் இரண்டாவது கிடைத்துவிட்டது, மூன்றாவது கிடைக்கவில்லை. விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பரப்பட்டும், யார் தடுக்கிறார்கள்? அடியிலே "நன்றி" என்று பெயர் போடுவதும் போதாது. அதனால் பிறர் பேச்சைத் தன் பேச்சென்று காட்டும் பொய்யிலிருந்து தப்பலாம். பொருளின் ஹக்கு தீராது.

இயந்திரத்தின் தீர்ப்பு

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையில் முக்கியமானது. "இயந்திரம் பிடிக்கவில்லை, ஆகவே ஹலால்" என்று சிலர் நினைக்கிறார்கள். "இயந்திரம் எனக்குக் கொடுத்தது, ஆகவே என்னுடையது" என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிழை.

தாமும் ஒரு மனிதரே. வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்தில் வல்லவராக இருக்கலாம். கேட்டதை வைத்துத் தாம் தீர்ப்புச் சொல்லும்போது சகோதரனின் ஹக்கு ஒருவருக்குப் போய்ச்சேர்ந்தால் அது நெருப்பின் ஒரு துண்டே என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அறிவித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளார்கள். திருமணம், மணவிலக்கு போன்றவற்றில் காழியின் தீர்ப்பு உள்ளார்ந்த நிலையிலும் செல்லுமா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்குத் தனிக் கருத்து உண்டு. பிறர் சொத்தின் விஷயத்திலோ, காழியின் தீர்ப்பு ஹராமை ஹலாலாக்காது என்பதில் இமாம்கள் ஒன்றுபட்டுள்ளார்கள். ஸூரத்துல் பகராவின் 188-ஆம் ஆயத்து, பிறர் பொருளைத் தெரிந்துகொண்டே விழுங்குவதற்காக அதிகாரிகளிடம் வழக்கைக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. தாஹிரைப் பார்த்துச் சொல்லப்பட்ட நபியின் தீர்ப்பே பிறர் பொருளை ஹலாலாக்காது என்றால், கைரேகையை ஒத்துப் பார்க்கும் இயந்திரத்தின் தீர்ப்பு எம்மாத்திரம்?

அந்த இயந்திரம் தவறவும் செய்கிறது. 2012 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நாஸா, கியூரியாஸிட்டி என்னும் வண்டியைச் செவ்வாய்க் கிரகத்தில் இறக்கியது. அந்தக் காட்சியை நாஸாவே தன் சேனலில் ஏற்ற, அது தங்களுடையது என்று ஒரு செய்தி நிறுவனத்தின் பெயரில் கோரல் விழுந்து, சொந்த வீடியோவே சிறிது நேரம் மறைந்துபோனது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் தாமே உண்டாக்கிய 10 மணி நேர வெறும் இரைச்சலை ஏற்றியிருந்தார். அதன்மீது ஐந்து கோரல்கள் விழுந்திருந்த செய்தி 2018-ல் வெளியானது. 2021-ன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 72 கோடிக்கு மேற்பட்ட கோரல்கள். அவற்றில் மறுக்கப்பட்டவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு; மறுக்கப்பட்டவற்றில் 60 சதவீதம் ஏற்றியவருக்கே சாதகமாக முடிந்தன.

தவறு வேறு, மோசடி வேறு. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் இருவர், ஏறத்தாழ 50,000 லத்தீன் அமெரிக்கப் பாடல்களைத் தங்களுடையவை என்று பொய்யாகப் பதிந்து, 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார்கள். 2021-ல் அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டு 2023-ல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் இயந்திரம் அவர்களையே சொந்தக்காரர் என்று நம்பிப் பணம் கொடுத்துவந்தது! பாடியவர்களின் வீட்டுக்குப் போகவேண்டிய காசு அது.

நம் வீடுகளில் இவ்வளவு பெரிய மோசடி நடப்பதில்லை. நடப்பது சிறியது, ஆனால் அதே இனம். இயந்திரத்தை ஏமாற்ற காட்சியை இடவலமாகத் திருப்பிப் போடுகிறார்கள். குரலைச் சற்று வேகப்படுத்துகிறார்கள். சுற்றிலும் ஒரு சட்டம் வரைகிறார்கள். அது தன் பொருள் அல்ல என்று உள்ளம் அறிந்திருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கோரல் வந்தால் மறுப்புக்கான பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே "இது என் சொந்தப் பதிவு", "என்னிடம் அனுமதி உண்டு" போன்ற காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பொய்யான காரணத்தைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டு அல்ல, பொய்ச் சாட்சியம். மறுப்புக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாட்கள் தவணை. அதுவரை அந்தப் பணம் ஒருவருக்கும் கொடுக்கப்படாமல் தனியே வைக்கப்படுகிறது. பதில் வராவிட்டால் கோரல் விலகி, பணம் ஏற்றியவருக்கு வரும். அப்படி வந்த பணமும், அவர் பொய் சொல்லியிருந்தால், அந்த ஹதீஸில் வந்த துண்டுதான்.

உண்மையிலேயே உங்கள் பதிவாக இருந்தால் தயங்காமல் மறுப்புச் செய்யுங்கள். தன் ஹக்கைக் கேட்பது குற்றமல்ல. பிறருடைய பேச்சில் சில நொடிகளைக் காட்டி, அதை விளக்கியோ கண்டித்தோ நீங்கள் பேசியிருந்தால் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமரிசனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவு எடுத்தாள அனுமதிக்கிறது. நம் உலமாக்களும் தொன்றுதொட்டு ஒருவர் கித்தாபிலிருந்து மற்றவர் பெயர் சொல்லி எடுத்து எழுதியே வந்திருக்கிறார்கள். அளவு எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஒரு குழந்தை ஆடிய 29 நொடி வீடியோவை ஒரு பாட்டுக் கம்பெனி 2007-ல் அகற்றச் சொன்னபோது, நியாயமான உபயோகமா என்று யோசிக்காமல் அப்படிக் கேட்கக் கூடாது என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

இதுவரை வந்துவிட்ட பணத்துக்கு என்ன செய்வது? ஒவ்வொரு வீடியோவுக்கும் எவ்வளவு வந்தது என்பதை யூடியூப் கணக்கிலேயே தனித்தனியாகப் பார்க்கலாம். ஆகவே "கணக்குத் தெரியாது" என்ற சாக்குக்கு இடமில்லை. தன் சொந்தப் பேச்சுக்கும் உழைப்புக்கும் வந்ததைத் தனியே பிரித்து வைக்கட்டும், அது அவனுடையது. அரிசி பற்றிக் கேட்ட தாயார், மகனின் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி ஹலாலாக இருந்து, கொடுக்கப்படும் பணம் இன்னதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் வாங்கிக்கொள்ளலாம். பிறர் பதிவிலிருந்து வந்த பணம் இதுவேதான் என்று தெரிந்தால் வாங்கக் கூடாது. மகனிடம் அன்பாகச் சொல்லி அந்த வீடியோக்களை எடுக்கச் செய்ய வேண்டும்.

பிறர் பதிவில் வந்ததைப் பொறுத்தவரை, உரிமையாளர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். அல்லது மனமுவந்து ஹலாலாக்கித் தரும்படி கேட்க வேண்டும். பெரும்பாலான ஆலிம்கள் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கேட்காமல் எடுத்ததே மனவருத்தம். வீடியோவை வெட்டி ஏற்றுவதற்கு ஆன கைச்செலவை மட்டும் கழித்துக்கொள்ள மேலே சொன்ன ஹதீஸின்படி இடமுண்டு. உரிமையாளர் இன்னாரென்று தேடியும் தெரியாவிட்டால், நன்மையை அவர் பெயருக்கே நிய்யத்துச் செய்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பின்னொரு நாள் அவர் வந்து, ஸதகாவை ஒப்புக்கொள்ளாமல் பணத்தையே கேட்டால், கையிலிருந்து கொடுப்பது கடமையாகும். வல்லாஹு அஃலம்.